ஒன்பது நாட்களில் முடிந்துவிடும் எதிர்காலம்

வடக்கில் வெளியாகும் தமிழ்ப் பத்திரிகை எதையாவது எடுத்துப் பிரித்துப் பாருங்கள். உட்பக்கத்தில் ஒரு சிறு செய்தி அடிக்கடி கண்ணில் படும். 'ஹெரோயினுடன் இளைஞர் கைது.' இத்தனை மில்லிகிராம், இன்ன வயது, இன்ன ஊர், நீதவான் முன்னிலையில் ஆஜர், விளக்கமறியல். நான்கு வரிகளில் விடயம் முடிந்துவிடும். சில மாதங்கள் கழித்து அதே இளைஞர் 'புனர்வாழ்வு' பெற்று ஊர் திரும்புவார். அதற்குச் செய்தி கிடையாது. மேலும் சில வாரங்கள் கழிய மீண்டும் அதே நான்கு வரிகள் வரும். வயது மட்டும் ஒன்று கூடியிருக்கும். வாசிப்பவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "இதுகள் திருந்தாத சென்மங்கள்" என்று சொல்லி எழுந்துபோவார்.

இந்தப் பத்தி அந்த ஒற்றை வாக்கியத்தை எதிர்த்து எழுதப்படுகிறது. அந்த வாக்கியம் பொய் என்பது மட்டுமல்ல என் முறைப்பாடு. அது ஆட்களைக் கொல்கிறது. ஹெரோயினை நிறுத்திய நாளோடு நோய் தீர்ந்தது என்று நம்புகின்ற ஒரு சமூகம், மீண்டும் அதைத் தொட்டவனை மனவுறுதி அற்றவன் என்றும் பாவி என்றும் முடிவுகட்டிக் கைகழுவுகிறது. மருத்துவம் சொல்வதோ முற்றிலும் வேறு. நிறுத்திய பின்னர் வரும் வாரங்களும் மாதங்களுமே மூளைக்கு மிக நெருக்கடியான காலம். நமது சட்டம், முகாம், குடும்பம், பிரசங்க மேடை ஆகிய எல்லாமே அந்தக் காலத்தில்தான் நோயாளியைத் தனியே விட்டுவிடுகின்றன.

மன்னார்த் தீவின் உப்புக்குளத்தை முன்னிறுத்தி இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. உப்புக்குளம் போதையின் தலைநகரம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர் எவராயினும் அவ்வூருக்கு அநியாயம் செய்கிறார். தலைமன்னாரில் உள்ள துன்பமும் பேசாலையில் உள்ள துன்பமும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உள்ள துன்பமும் ஒரே வகையானவைதாம். ஆனால் மன்னார் நகரை ஒட்டிய இந்தக் கரையோரக் குடியிருப்பு வெளியுலகின் கண்ணில் பட்டதே இருமுறைதான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றியபோது உப்புக்குளத்து மக்களும் கடல்வழியாகக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 2009 இல் போர் முடிந்த பின்னரே பெருமளவில் திரும்பத் தொடங்கினார்கள். அடுத்தது 2012 ஜூலை. மீன்பிடித் துறை யாருக்கு என்ற பிணக்கு வீதிக்கு வந்து, மன்னார் நீதிமன்றக் கட்டடத்தின் மீது கல்லெறிதலில் முடிந்தது. இடைப்பட்ட காலத்திலும் பிறகும் அங்கே வாழ்ந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

அங்கே ஒரு தாயிடம் நான் கேட்டது இது: "முகாமில இருந்து வந்து ஒரு கிழமை நல்லாத்தான் இருந்தவன், சேர். தொழுதான், சாப்பிட்டான், தங்கச்சியோட பகிடி கதைச்சான். பிறகு ஒரு நாள் அந்தச் சந்தியால போயிட்டு வந்தான். முகமே மாறிப்போச்சு. இரவைக்கு ஆள் இல்லை." அவருக்கு மருத்துவக் கலைச்சொற்கள் எதுவும் தெரியாது. ஆனால் நரம்பியல் அறிஞர்கள் ஐம்பது ஆண்டுகளாக ஆய்ந்து சொல்லும் விடயத்தை ஐந்து வசனங்களில் சொல்லிவிட்டார். அந்தச் சந்தியில் என்ன நடந்தது என்பதே நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது.

முதலில் தூள் மூளைக்குள் சென்று என்ன செய்கிறது என்று பார்ப்போம். 1973 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டேஸ் பேர்ட், சொலமன் ஸ்னைடர் ஆகிய இருவரும் மூளையில் அபின் வகைப் பொருட்களைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகள் இருப்பதை நிறுவினார்கள். மனித மூளையில் அபினுக்கென்று ஏன் ஒரு பூட்டு இருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. ஈராண்டுகளில் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்து ஹியூஸ், கொஸ்ரலிற்ஸ் என்போர் பதில் தந்தனர். மூளை தனக்கு வேண்டிய அபினைத் தானே சுரக்கிறது. காயம்பட்டபோது வலியைத் தணிப்பதும், அழும் குழந்தை தாயின் மடியில் அமைதி அடைவதும், நெடுந்தூரம் ஓடியவனுக்கு ஒருவித இதம் உண்டாவதும் இந்த உள்ளூர்ச் சுரப்புகளுடன் தொடர்புடையவை. அந்தப் பூட்டில் தூள் கள்ளச் சாவியாக நுழைகிறது.

ஹெரோயின் மூளைக்குள் மிக விரைவாகச் சென்று அங்கே மோர்பினாக மாறுகிறது. டோபமைன் என்னும் இரசாயனத்தைக் கட்டுப்படுத்திவைக்கும் நரம்புக் கலங்களை அது அடக்கிவிட, டோபமைன் பெருக்கெடுக்கிறது. டோபமைன் இன்பத்தின் இரசாயனம் என்று வார இதழ்கள் எழுதுவதுண்டு. அது அரைகுறையான விளக்கம். 'இது முக்கியம், இதை மறவாதே, இதை மீண்டும் செய்' என்று மூளைக்குச் சொல்வதே அதன் பெருவேலை. நல்ல மீன் பாடு கிடைத்த இடத்தை மீனவன் நினைவில் வைத்திருப்பதற்கு உதவுவதும் அதுதான். உணவோ உறவோ எழுப்பும் அலையைவிடப் பன்மடங்கு வலிய அலையைத் தூள் எழுப்புகிறது. அப்போது மூளை பொருளை மட்டும் நினைவில் பதிப்பதில்லை. பொருள் கைமாறிய சந்தி, தந்தவனின் குரல், ஈயத்தாளின் சரசரப்பு, தீக்குச்சியின் மணம் எல்லாமே ஒரே முடிச்சில் கட்டப்படுகின்றன.

இரண்டாவது மாற்றம் மெதுவாக நிகழ்வது. வெளியிலிருந்து அபின் தொடர்ந்து வந்துகொண்டிருக்க, மூளை அதற்கு எதிர்ப்பக்கமாகத் தன்னைச் சாய்த்துக்கொள்கிறது. பாய் கட்டிய வள்ளத்தில் காற்றுக்கு எதிராக உடலைச் சாய்த்து நிற்பவனை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று இருக்கும்வரை அந்தச் சாய்வுதான் வள்ளத்தைக் காக்கிறது. காற்று சட்டென ஓய்ந்தால், சாய்ந்த பக்கமே அவன் கடலில் விழுவான். தூளை நிறுத்தியவனுக்கும் அதுவே நடக்கிறது. மூளைத்தண்டில் விழிப்பையும் பதற்றத்தையும் ஆளும் நரம்புக் கலங்கள், அதுவரை அபினால் அழுத்தப்பட்டிருந்தவை, கட்டவிழ்ந்து எழுகின்றன. கடைசியாகப் பாவித்து ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலங்களில் மூக்கொழுகல், கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாட்களில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் எலும்பு நோவும் உச்சத்தை அடையும். ஐந்து முதல் பத்து நாட்களில் பெரும்பாலும் தணியும்.

நமது ஊர்களில் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. பத்து நாட்கள் அறையில் பூட்டி வைத்தோம், எல்லாம் கக்கிவிட்டான், இனி சுகம் என்கிறார் தகப்பனார். உடல் கக்கியது உண்மை. மூளை இன்னும் கரை சேரவில்லை. நித்திரை மாதக்கணக்கில் சீராகாது. சோறு, விளையாட்டு, சினிமா, காதல் எதுவும் உருசிக்காது. ஏனெனில் டோபமைனின் சேதியை ஏற்கும் வாங்கிகள் அபினுக்கு அடிமைப்பட்டவர்களின் மூளையில் குறைந்து காணப்படுகின்றன. அச்சத்தையும் மன அழுத்தத்தையும் எழுப்பும் பகுதிகள் சிறு உரசலுக்கும் தீப்பற்றுகின்றன. உம்மா ஒரு வார்த்தை உரக்கச் சொன்னாலும் அது மிரட்டலாகக் கேட்கும்.

இவற்றோடு சேர்ந்துதான் சிந்தனையின் தளர்ச்சி வருகிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதி நமது கணக்கப்பிள்ளை. இன்று இதைச் செய்தால் நாளை என்னாகும் என்று கூட்டிக் கழித்துப் பார்ப்பதும், கையை நீட்டும் முன் ஒரு கணம் தடுத்து நிறுத்துவதும் அதன் பணி. நீண்டகாலம் அபின் வகைப் போதையில் இருந்தவர்களைச் சோதித்த பல ஆய்வுகள் கவனம், உடனடி நினைவு, திட்டமிடல், தன்னைத் தடுத்துக்கொள்ளும் ஆற்றல் ஆகியவற்றில் குறைபாட்டைக் கண்டிருக்கின்றன. நிறுத்திய பின்னர் அவை மாதங்கள் செல்லச் செல்லத் தேறுகின்றன. சிலவற்றில் முழுமையாகவும் சிலவற்றில் பகுதியாகவும் தேறுகின்றன. ஆனால் முதல் வாரங்களில் கணக்கப்பிள்ளை கதிரையில் இல்லை.

1998 இல் அமெரிக்காவில் நான்சி பெற்றி, வாரன் பிக்கெல் உள்ளிட்டோர் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். ஒருவன் கண்விழித்துத் தன் எதிர்காலத்தைப் பற்றி எண்ணத் தொடங்குகிறான் என்று ஆரம்பிக்கும் கதையொன்றைக் கொடுத்து, மீதியை முடிக்கச் சொன்னார்கள். போதைப் பழக்கம் இல்லாதவர்கள் எழுதிய கதைகளில் எதிர்காலம் என்பது சராசரியாக 4.7 ஆண்டுகள் நீண்டது. ஹெரோயினுக்கு அடிமைப்பட்டவர்களின் கதைகளில் அது ஒன்பது நாட்கள்.

ஒன்பது நாட்கள்! வாசகர்களே, இந்த எண்ணைச் சற்று நேரம் மனதில் வைத்திருங்கள். ஒன்பது நாட்களுக்கு அப்பால் எதுவும் தெரியாத ஒருவனிடம்தான் நாம், "உன் எதிர்காலத்தை யோசித்துப் பார்" என்று பிரசங்கம் செய்கிறோம். இரண்டு கிராமுக்கு மரண தண்டனை என்று சட்டம் எழுதி அவனை அச்சுறுத்துகிறோம். எதிர்காலத்தைக் காட்டி மிரட்டும் எந்தத் தண்டனையும், எதிர்காலம் கண்ணுக்குத் தெரிபவனிடம் மட்டுமே செல்லுபடியாகும்.

இப்போது அந்தச் சந்திக்கு வருவோம். முகாமில் இருந்த மாதங்களில் சந்தி இல்லை, குரல் இல்லை, ஈயத்தாள் இல்லை; ஆகவே முடிச்சு உறங்கியது. அது அவிழ்ந்துவிட்டது என்று அதிகாரிகள் சான்றிதழ் கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பிய முதற் கிழமையில் சந்தியைக் கண்டதும் முடிச்சு இறுகியது. கண் பார்த்ததை மனம் தீர்மானிக்கும் முன்னரே உடல் வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது, வேட்கை எழுகிறது. தடுக்க வேண்டிய கணக்கப்பிள்ளை இன்னும் விடுமுறையில். இதில் 'திருந்தாமை' எங்கே வந்தது?

இடத்தின் வலிமைக்கு வரலாறு தந்த பெரிய சான்று வியட்நாம். அங்கே போரிட்ட அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெரோயினுக்கு அடிமைப்பட்டிருந்தனர். அவர்கள் நாடு திரும்பினால் நகரங்கள் நாசமாகும் என்று 1971 இல் வாஷிங்டன் நடுங்கியது. லீ றொபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டறிந்தபோது, அங்கே அடிமைப்பட்டிருந்தவர்களில் முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே. மூன்றாண்டுகளில் 12 சதவீதம். இதை எடுத்துக்காட்டி, பார்த்தீர்களா, மனவுறுதி இருந்தால் விட்டுவிடலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்தப் படைவீரர்கள் தூள் இருந்த இடத்தை விட்டுத் தூள் இல்லாத வீட்டுக்குப் போனார்கள். வேலைக்கும் குடும்பத்துக்கும் போனார்கள். நமது பிள்ளையோ தூள் இல்லாத முகாமிலிருந்து தூள் இருக்கும் சந்திக்குத் திரும்புகிறான். கையில் தொழில் இல்லை. ஊர் முகம் கொடுப்பதில்லை. வியட்நாமின் பாடத்தை நாம் தலைகீழாக நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இதைவிடக் கொடியது இன்னொன்று. மாதக்கணக்கில் தூளைத் தொடாதவனின் உடல், முன்பு தாங்கிய அளவைத் தாங்காது. ஆனால் அவன் நினைவில் இருப்பது பழைய அளவு. மூச்சை ஆளும் மூளைத்தண்டு அடங்கிப்போக, நித்திரையிலேயே உயிர் போகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007 இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் மிகைப்போதையால் இறக்கும் அபாயம் பொதுமக்களைவிட 129 மடங்கு என்று கணக்கிட்டது. ஆக, கட்டாயத் துறவுக்குப் பிறகு கவனிப்பாரற்று விடுவது சிகிச்சையே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தாகவும் முடியலாம்.

இனி நமது அரசின் நாற்பதாண்டுச் சாதனையைப் பார்ப்போம். 1984 இல் பழைய கட்டளைச் சட்டத்தைத் திருத்தி, இரண்டு கிராம் ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று எழுதினார்கள். அதே ஆண்டு தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை சட்டத்தால் அமைக்கப்பட்டது. 2007 இல் நீதிமன்றக் கட்டளையின் பேரில் கட்டாய சிகிச்சைக்கு வழிசெய்யும் சட்டம் வந்தது. 1976 இன் பின்னர் எவரையும் தூக்கிலிடாத நாட்டில், 2019 ஜூனில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நான்கு போதைப்பொருள் குற்றவாளிகளைத் தூக்கிலிடக் கையொப்பமிட்டதாக அறிவித்தார், உயர்நீதிமன்றம் தடுத்தது. தூள் மட்டும் தடுபடவில்லை.

பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு முகாம் முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முகாமாக இருந்து போதை நோயாளிகளின் முகாமாக மாறியது. படையினர் நடத்தும் இடம். 2022 ஜூன் மாத இறுதியில் அங்கே ஒருவர் உயிரிழந்தார், நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர், மரணம் தொடர்பில் படையினர் நால்வர் கைதாயினர். நோயாளிகள் நூற்றுக்கணக்கில் தப்பியோடும் இடத்தை வைத்தியசாலை என்று எந்த அகராதி சொல்கிறது? அதே ஆண்டில் புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தில் போதை நோயாளிகளையும் 'முன்னாள் போராளிகளையும்' 'வன்முறைத் தீவிரவாதிகளையும்' ஒரே பந்தியில் அமர்த்தினார்கள். உயர்நீதிமன்றம் தலையிட்டு ஏனையோரை நீக்கச் சொன்ன பிறகே 2023 ஜனவரியில் அது சட்டமானது. போதை நோயாளியைப் பற்றிய ஆட்சியாளரின் உள்மனத்தை அறிய அந்தச் சட்டமூலத்தின் முதல் வடிவமே போதும்.

பிறகு 2023 டிசம்பர் 17 இல் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியது. தொலைக்காட்சிக் கமராக்களுடன் வீடு வீடாகப் புகுந்தார்கள். ஒரு மாதத்துக்குள் ஏறத்தாழ 29,000 பேர் கைதானதாக ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் கவலை தெரிவித்தது. அவ்வாறு கைதானவர்களில் நோயாளிகள் எத்தனை பேர், வியாபாரிகள் எத்தனை பேர் என்று எந்தக் கமராவும் கேட்கவில்லை.

சபையின் கீழ் நீண்டகாலமாக இயங்கிவந்த சிகிச்சை நிலையங்கள் நான்கு: தலங்கம, உரபொல, பேராதனை, உனவட்டுன. இவற்றில் ஒன்றேனும் வடக்கிலோ கிழக்கிலோ இல்லை. போதைச் சிகிச்சையின் சரிபாதி பேச்சு. வேட்கை எழும்போது என்ன செய்வது, சந்தியை எப்படிச் சுற்றிப் போவது, தகப்பனோடு எப்படிக் கதைப்பது என்று மீண்டும் மீண்டும் பேசிப் பழகுவதே வைத்தியம். உப்புக்குளத்துப் பிள்ளைக்கு அது அவனுடைய தமிழில் நடக்க வேண்டும். கட்டளைகள் மட்டும் விளங்கும் ஒரு மொழியில் நடப்பது சிகிச்சையாகாது.

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. மெதடோன், புப்ரனோபின் என்ற இரண்டையும் உலக சுகாதார ஸ்தாபனம் 2005 இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இவையும் அதே பூட்டில் பொருந்தும் சாவிகள்தாம். ஆனால் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை மூளையை உச்சியில் தூக்கிப் பாதாளத்தில் போடும் வேலையைத் தூள் செய்ய, இவை நாள் முழுவதும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. வள்ளத்துக்குக் காற்றைச் சட்டென நிறுத்தாமல், மெதுவாகத் தணித்துக் கரைசேர்க்கும் ஏற்பாடு இது.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்பது நான் அதிகம் கேட்ட எதிர்வாதம். படித்தவர்களும் கேட்கிறார்கள். நீரிழிவுக்காரர் தினமும் இன்சுலின் ஏற்றுவதை எவரும் அடிமைத்தனம் என்று சொல்வதில்லை. மெதடோனும் குற்றமற்றதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆரம்ப வாரங்களிலும் கூடிய அளவிலும் அது சிந்தனையை மந்தப்படுத்தும். மேற்பார்வை இல்லாவிட்டால் ஆபத்து. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2017 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வெளியான தொகுப்பாய்வு 1,22,000 இற்கும் அதிகமானோரின் தரவுகளை ஆராய்ந்தது. மெதடோன் சிகிச்சையில் இருக்கும்போது ஆயிரம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 பேர் இறக்க, சிகிச்சையை விட்டு நீங்கிய காலத்தில் 36 பேர் இறந்தனர். பிரான்ஸ் 1990 களின் நடுப்பகுதியில் சாதாரண குடும்ப வைத்தியர்களே புப்ரனோபின் எழுதிக் கொடுக்க அனுமதித்தது. சில ஆண்டுகளிலேயே ஹெரோயின் மரணங்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. அண்டை நாடான இந்தியாவில் எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரச நிலையங்களிலேயே இத்தகைய சிகிச்சை வழங்கப்படுகிறது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீற்றர். கஞ்சா மூட்டை இரவோடிரவாகக் கடக்கும் தூரத்தை ஒரு மருத்துவ அறிவு கடக்க இத்தனை ஆண்டுகள் ஏன்? மன்னார்ப் பிள்ளை எளிதில் பெறக்கூடிய இடத்தில் அந்த மருந்துகள் இல்லை என்பது அறிவியலின் குறையன்று; கொள்கை வகுத்தவர்களின் குறை.

இங்கே பத்திரிகை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கஞ்சா, ஐஸ், வலிப்பு நோய்க்கும் நரம்பு நோவுக்கும் கொடுக்கப்படும் பிரிகபலின் மாத்திரை, ஹெரோயின் எல்லாவற்றையும் 'போதைப்பொருள்' என்ற ஒரே சாக்கில் கட்டி எழுதுகிறோம். மூளையில் ஒவ்வொன்றும் செல்லும் வழி வேறு, வைத்தியமும் வேறு. ஐஸுக்கு மெதடோன் போன்ற மாற்று மருந்து இன்றுவரை இல்லை. ஹெரோயினுக்கு இருக்கிறது. இருக்கின்ற மருந்தை மறுத்துவிட்டு, இல்லாத நோய்க்கும் இருக்கின்ற நோய்க்கும் ஒரே முகாம், ஒரே உடற்பயிற்சி, ஒரே தண்டனை என்று நடத்துவதை நாம் கேள்வி கேட்பதில்லை. ஏனெனில் நமது சொல்லே அந்த வேறுபாட்டை அழித்துவிட்டது. மறுபக்கத்தில், புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் வலியால் துடிக்கும் மூதாட்டிக்கு மோர்பின் கொடுக்கவும் உறவினர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சமும் இதே அறியாமையின் பிள்ளை.

உலகெங்கும் பரந்திருக்கும் தமிழர்களே, ஊருக்குப் பணம் அனுப்பும்போது உங்களிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் கோபுரத்துக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும்தான். அவை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் கேட்க வேண்டியவை சில எஞ்சியுள்ளன.

மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் தமிழில் பேசும் உளவளத் துணையாளர்களுடன் நிரந்தரமான போதைச் சிகிச்சைப் பிரிவு வேண்டும். அது நோயாளியை ஒரு மாதம் அல்ல, குறைந்தது ஓராண்டு பின்தொடர வேண்டும். மெதடோனோ புப்ரனோபினோ மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். மிகைப்போதையில் அடங்கிய மூச்சை மீட்கும் நலொக்சோன் மருந்து அம்புலன்ஸிலும் நோயாளியின் வீட்டிலும் இருக்க வேண்டும். குடும்பத்தினரும் அதைப் பாவிக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2014 இலேயே பரிந்துரைத்திருக்கிறது. பாவிப்பவனையும் விற்பவனையும் நீதிமன்றம் வேறுபடுத்த வேண்டும். சிகிச்சைக்கு அனுப்பினால் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும், படைவீரரிடம் அல்ல. திரும்பி வருபவனுக்கு முதல் வாரமே ஒரு வேலை வேண்டும்: வலை பொத்துவதோ, உப்பளத்தில் கூலியோ, எதுவானாலும். வேலை என்பது அறவுரைக்குப் பதிலாகச் சொல்லப்படுவது அன்று. வெறுமையான நாளை நிரப்பி, நாளைக்கும் மறுநாளைக்கும் ஒரு காரணம் கொடுத்து, சுருங்கிய எதிர்காலத்தை மெல்ல மெல்ல நீட்டுவது அது.

ஜமாஅத்தினருக்கும் பங்குத்தந்தையருக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை குத்பாவிலும் ஞாயிறு மறையுரையிலும் தூள் பாவம் என்று சொல்லுங்கள்; அது உங்கள் கடமை. கூடவே, மீண்டும் விழுந்தவனுக்கும் கதவு திறந்திருக்கிறது என்றும் சொல்லுங்கள். மீண்டும் விழுவது இந்த நோயின் வழமையான போக்கு. நீரிழிவுக்காரரின் சீனி மீண்டும் ஏறினால் அவரை எவரும் ஊரைவிட்டு விலக்குவதில்லை.

'திருந்தாத சென்மம்' என்று சொல்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. ஒரு பிள்ளைக்கு மருந்து கொடுத்து, அவன் மொழியில் பேசி, ஓராண்டு பின்தொடர்ந்து, வேலையும் கொடுத்த பின்னரும் அவன் திருந்தவில்லை என்று உங்களால் காட்ட முடியுமா? மன்னாரில் முடியாது. ஏனென்றால் அது இன்னும் எந்தப் பிள்ளைக்கும் முழுமையாகச் செய்து பார்க்கப்படவில்லை. செய்து பார்க்காத வைத்தியம் பலிக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.